ஏனோக் ஊர் காட்டிய நாள்

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, மூட்டையைக் கீழே வைத்து, எந்தப் பக்கம் போவது என்று ஒரு விநாடி முழித்தால் போதும், ஏனோக் எதிரே வந்து நின்றுவிடுவான். ஜட்கா வண்டிக்காரன்தான். ஆனால் வண்டி ஓட்டுவது அவனுக்கு இரண்டாவது தொழில். முதல் தொழில் வாய். சிட்டு என்று ஒரு பெட்டைக் குதிரை வைத்திருந்தான். வழியை அது பார்த்துக்கொள்ளும். இவன் கடிவாளத்தை மடியில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறியவர்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து அளக்க ஆரம்பிப்பான்.

"சாப்பாடுன்னா ராபர்ட்சன்பேட்டை சந்தையில பார்வதம்மா கடை. ராகிக் களியும் கருவாட்டுக் கொழம்பும். ஒரு மணிக்குள்ள போயிடணும், அப்பால போனா சட்டியத்தான் வழிக்கணும். ரொட்டி, பன்னுன்னா எட்மண்ட் கடை. வெள்ளைக்காரன் வூட்ல பட்லரா இருந்தவரு. கறியும் உருளைக்கெழங்கும் உள்ள வச்சி மடிச்சி சுடுவாரு, பேஸ்டின்னு பேரு. தொரைங்க சுரங்கத்துக்குள்ள எடுத்துனு போறது அதான். துன்னு பாரு, அப்பறம் ஊருக்குப் போவ மாட்ட. சாராயம் வேணும்னா என்னைக் கேக்காத, நான் கோயிலுக்குப் போற கிறிஸ்துவ வேதக்காரன். ஆனா ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்கு மட்டும் போயிடாத, தண்ணி ஊத்தறான். எப்படித் தெரியும்னும் கேக்காத."

வண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் போதும், ஏனோக்குக்குக் கால் தரையில் நிற்காது. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைத் திறந்து காட்டுவான். எண்ணெயும் இல்லாமல் திரியும் இல்லாமல் எரிகிற கரண்டு விளக்குக் கம்பத்தை ஏதோ தானே நட்ட மாதிரி தட்டிக் காட்டுவான். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் மலையாய்க் கிடக்கும் வெள்ளை மேட்டைக் காட்டுவான். கல்லை இடிக்கும் மில் பக்கம் வண்டியை நிறுத்தி, "காது அடைக்குதா? எங்களுக்கு இந்த சத்தம் நின்னாதான் தூக்கம் வராது" என்பான்.

இதெல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் வருஷம் பங்குனி மாதம் வரைக்கும்தான். அதற்குப் பிறகு ஏனோக் ஒருவருக்கும் ஊரைக் காட்டவில்லை. வாய் செத்த வண்டிக்காரன் என்று புதிதாய் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பழைய ஆட்கள் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள்.

அந்தப் பங்குனியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கோவிந்தன் ஸ்டேஷன் வாசலுக்கு வந்தான். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற கேங்கில் வேலை. குடியாத்தத்துப் பக்கத்து ஆள். கம்பெனி வரிசை வரிசையாகக் கட்டிப் போட்டிருந்த தட்டிக் குடிசைகளுக்கு லைன் என்று பெயர். ஏனோக்கும் அவனும் ஒரே லைன், நாலு வீடு தள்ளி.

"அண்ணே, நாளைக்கு பதினோரு மணி வண்டியில எங்க வூட்டுக்காரி வரா."

"அட! கூட்டியாற ஒரு வழியா மனசு வந்துச்சா ஒனக்கு?"

"கொழந்தைய நான் இன்னும் பாக்கலண்ணே. பொட்டப்புள்ள. எட்டு மாசம் ஆவுது. பேருகூட வைக்கல. அப்பன் வாயால வைக்கணும்னு அப்படியே வச்சினு கீறா." சொல்லும்போதே அவனுக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. "காலை ஷிஃப்ட் எனக்கு. மாத்திக்க ஆளு கெடைக்கல. ரெண்டு மணி சங்கு ஊதினப்பறம்தான் மேல வருவேன். அதுவரைக்கும் நீதான் ஊரைக் காட்டணும்."

"அத எனக்கு சொல்லணுமாடா?"

"சொல்லணும். கேளு. பார்வதம்மா கடையில வயிறு ரொம்ப போடச் சொல்லு, அவ கூச்சத்துல போதும்பா, கேக்காத. கொழாத் தண்ணியக் காட்டு. ரெண்டு மைல் கொடம் தூக்கறவ, கண்ணால பாத்தாதான் நம்புவா. வெள்ளை மேட்டைக் காட்டு. ரெண்டு மணிக்கு ஷாஃப்ட் வாசல்ல கொண்டாந்து நிறுத்து. ஆனா சக்கரத்த மட்டும் காட்டாத."

"ஏன்?"

"அது நான் காட்டணும். தோ பாரு, இதுலதான் நான் எறங்கறேன், இதுலதான் ஏறறேன்னு, நானே கைய நீட்டி சொல்லணும்."

"ஏண்டா, ஊர்ல எங்க நின்னாலும் தெரியுது அது. அவ்ளோ பெரிய சக்கரத்த நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கறது?"

"அது ஒன் பாடு" என்று சிரித்துக்கொண்டே போனான் கோவிந்தன்.

அந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறு போன்ற ஒவ்வொரு ஷாஃப்டின் தலையிலும் ஆகாயத்துக்கு எழும்பிய சாரத்தில் ஒரு சக்கரம் உண்டு. அதன் மேல் ஓடும் கம்பிவடத்தில்தான் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் தொங்கும். வெளியூர்க்காரனுக்கு அது வெறும் சக்கரம். ஊர்க்காரனுக்கு அது பேசும். பாறை ஏறும்போது ஒரு வேகம், ஆள் ஏறும்போது ஒரு வேகம். அடிபட்டவனை ஏற்றும்போது படு வேகம், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமே. செத்தவனை ஏற்றும்போது மட்டும் சக்கரம் மெல்ல, மெல்லச் சுற்றும். இன்ஜின் ஓட்டுகிறவன் செத்தவனுக்குச் செய்கிற மரியாதை அது. அதைப் பார்த்ததும் தெருவில் போகிறவன் நின்று தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். கூடை சுமந்து போகிறவள் கூடையை இறக்கி வைப்பாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வெறும் வயிற்றில் சாவு சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் பிறகு பிணத்தை எடுக்கும் வரை வீட்டில் அடுப்பு எரியாது, யாரும் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள். ராத்திரியெல்லாம் ரயிலில் வந்தவள் சுருண்டு விழுந்துவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏனோக்கே அந்தத் தப்பைச் செய்தான். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பிளாட்பாரத்தில் கேட்ட மாத்திரத்தில் புருஷன் செத்த விஷயத்தை உளறிவிட்டான். அவளுக்குப் பால் வற்றிப்போய், அந்தக் குழந்தை இரண்டு நாள் லைன் முழுக்க மடி மாறி மாறி அழுதது. அந்த அழுகை அவன் காதில் வெகு நாள் இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணி சுமாருக்கு ஏனோக் ஸ்டேஷன் வாசலில் சிட்டுவுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தான். காலுக்கடியில் பூமி ஒரு உலுக்கு உலுக்கியது. சிட்டு வாயை எடுத்துவிட்டுக் காதை விறைத்தது. அடியில் பாறை வெடித்துச் சிதறுவதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பெயர். எந்த வீட்டுக்குச் சாவு போகிறதோ என்று எல்லோருமே ஒரே சமயத்தில் சக்கரங்களைப் பார்ப்பார்கள். கோவிந்தன் இறங்கும் ஷாஃப்டின் சக்கரம் நின்றிருந்தது.

வெகு நேரம் நின்றது. கிட்டத்தட்ட பதினோரு மணிக்கு, தண்டவாளத்தைத் தாண்டி மாணிக்கராஜ் ஓடி வந்தான். கோவிந்தனின் கேங்கில்தான் அவனுக்கும் வேலை, அன்றைக்கு அவனுக்குச் சாயங்கால ஷிஃப்ட்.

"அண்ணே, ஒரே ஆளுதான் மாட்டினானாம். நம்ப கோவிந்தன்."

"உசுரு கீதா?"

மாணிக்கராஜ் கையை விரித்தான். ஷாஃப்ட் பக்கம் பார்த்தான். ஏனோக்கும் பார்த்தான். சக்கரம் சுற்ற ஆரம்பித்திருந்தது. மெல்ல, மெல்ல, ஒவ்வொரு ஆரக்காலையும் எண்ணிவிடலாம் போல. இருவரும் தலைப்பாகையைக் கழற்றினார்கள்.

"இப்ப வர வண்டியில அவன் பொண்டாட்டி வராடா."

"வயித்துக்கு எதனா போட்டுட்டு கூட்டினு வாண்ணே. நான் அங்க போறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மாணிக்கராஜ் ஓடினான். பின்னாலேயே ரயில் ஊதிக்கொண்டு வந்துவிட்டது.

தங்கம்மா என்று பெயர். இருபது வயது இருக்கும். இடுப்பில் குழந்தை, தோளில் துணி மூட்டை, கையில் மாவடு ஜாடி ஒன்று. பிளாட்பாரத்தில் முழிக்கக்கூட இல்லை, நேராக இவனிடம் வந்தாள்.

"ஏனோக் அண்ணன் நீங்கதானா? கடுதாசியில எழுதச் சொல்லியிருந்தாரு. வண்டிக்காரங்கள்ல யாருக்கு வாய் பெரிசோ அவரு கிட்ட போன்னு." சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள். "இன்னாண்ணே, வாயே தொறக்க மாட்டேங்கறீங்க?"

"வாம்மா. ஏறிக்கோ."

"தலைப்பாகைய ஏன் கையில வச்சினு கீறீங்க?"

"வேக்காடும்மா" என்றான்.

அவளைச் சக்கரத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தான். கோவிந்தனுக்குக் கொடுத்த வாக்கு அது. இப்போது அவனுக்கே அது தேவையாகவும் இருந்தது. ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிரியும் பாதை வரும். வாரத்தில் நாலு தடவை போகிற பாதை, சிட்டு பழக்கத்தில் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியது. ஏனோக் கடிவாளத்தை இழுத்து ராபர்ட்சன்பேட்டை ரோட்டில் விட்டான். வாயில்லாத ஜீவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான்.

முதலில் அவனால் பேச முடியவில்லை. அவள்தான் கேட்டுக்கொண்டே வந்தாள். அது இன்னா சத்தம்? இவ்ளோ சனம் எங்கிருந்து வந்துச்சு? தொரை வூடு எது? ஒரு பதில் சொன்னான். இரண்டாவது பதில் கொஞ்சம் நீண்டது. மூன்றாவதில் அந்தப் பழைய வாய் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. எட்மண்ட் கடை வந்தபோது பேஸ்டி கதையைச் சொன்னான். ஸ்டேஷன் கடைச் சாராயத்தைப் பற்றிச் சொன்னான், "எப்படித் தெரியும்னு கேக்காத" வரைக்கும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தன் நாக்கைப் பிடுங்கி எறிந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்த இடத்தில் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

சந்தைக்கு முன்னால் குழாயடியில் வண்டியை நிறுத்தினான். தங்கம்மா குழாயைத் திருகினாள், மூடினாள், மறுபடி திருகினாள். உள்ளங்கையில் பிடித்துக் குடித்துவிட்டு, ஈரக் கையால் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தினி கொடம் வேணும்னாலும் புடிக்கலாமா?"

"கை வலிக்கும், தண்ணி தீராது."

"அப்ப நான் இங்கயே இருந்துடறேண்ணே. அவரு போடின்னாலும் போவ மாட்டேன்."

பார்வதம்மா கடையில் கூட்டம். தமிழில் தெலுங்கையும் கன்னடத்தையும் கலந்து பேசி, கோபம் வந்தால் மட்டும் முழுத் தமிழ் பேசுகிற பொம்பளை அவள். ஏனோக்கைப் பார்த்ததும், "ஏமய்யா, இன்னிக்கு யாரைப் புடிச்சினு வந்த?" என்று ஆரம்பித்தவள், அவன் கையில் சுருட்டிப் பிடித்திருந்த தலைப்பாகையைப் பார்த்தாள். இடுப்புக் குழந்தையோடு நிற்கிறவளைப் பார்த்தாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணை போட்டு உட்கார வைத்து, பெரிய உருண்டையாக ஒரு களியை இலையில் வைத்துக் குழம்பை ஊற்றினாள். அது தீர்வதற்குள் இன்னொன்று வைத்தாள்.

"ஐயோ, போதும்மா."

"தின்னு தல்லி, தின்னும்மா. பால் குடுக்கற ஒடம்பு" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகை கண்ணில் பட்டது போல முந்தானையால் துடைத்தாள்.

தங்கம்மா நன்றாகச் சாப்பிட்டாள். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, தன்னை உட்கார வைத்து இப்படி ஒருத்தர் போட்டுத் தான் சாப்பிட்டதே இல்லை என்றாள். குழந்தைக்குக் களியை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள், அது முகத்தைச் சுளித்தது. எழுந்திருக்கும்போது, "ஒரு உருண்டை இலையில கட்டிக் குடும்மா, அவரு பசியோட வருவாரு" என்றாள். பார்வதம்மா கட்டிக் கொடுத்தாள். வெளியே போகிறவளிடம், "ஊட்டா ஆயித்தா?" என்று கன்னடத்தில், சாப்பிட்டு முடித்தவளிடம் போய்ச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். அவளுக்கும் வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

சாப்பாடு ஆயிற்று. வழக்கம் அதோடு முடிந்தது. இங்கேதான் ஏனோக் சொல்லியிருக்க வேண்டும், அல்லது பேசாமல் வண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்க வேண்டும். மணி ஒன்றுகூட ஆகவில்லை.

சந்தை வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "ஏனோக்! யோவ் ஏனோக்!" என்று ஒரு கூப்பாடு கேட்டது. ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்க்கிற சிரில். வெள்ளைச் சட்டை முழுக்க வேர்வை, கூட்டத்தை இடித்துக்கொண்டு கையை ஆட்டியபடி ஓடி வந்துகொண்டிருந்தான். ஏனோக் திரும்பிப் பார்த்தான். இந்த ஓட்டைவாய் இவ்வளவு சனத்துக்கு நடுவில் போட்டு உடைத்துவிடப் போகிறானே, வாயில் ஈரம்கூடக் காயவில்லையே இவளுக்கு என்று பதறிப்போய், சாட்டையை எடுத்துச் சிட்டுவை ஒரு வீசு வீசினான். அதுவரைக்கும் அந்தக் குதிரை அவன் கையால் அடி வாங்கியதில்லை. மிரண்டு பிய்த்துக்கொண்டு ஓடியது.

"யாரோ கூப்பிடறாங்களேண்ணே?"

"அவனுக்கு வேற வேலையில்ல. ஓசியில ஏறிக்கறதுக்கு கூப்புடறான்."

மில்லையும் தொரை வீடுகளையும் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஊரெல்லாம் கேட்கும். தங்கம்மா குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ரெண்டு மணி சங்குதான இது? ஷாஃப்ட் வாசலுக்குப் போலாமா?"

"இன்னிக்கு டபுள் ஷிஃப்டும்மா. நாலு மணி ஆவும். வெள்ளை மேட்டைப் பாத்துட்டுப் போலாம்."

என்ன அழகான பொய்! யோசிக்காமலே வந்தது. அவன் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாணிக்கராஜும் மற்றவர்களும் சேர்ந்து குளிப்பாட்டித் துணி போட்டுப் பார்க்கிற மாதிரி கிடத்த நேரம் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருக்கட்டும். அப்படியெல்லாம் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உண்மை அதில்லை. அவனுக்குப் பயம். அவள் முகம் மாறுவதைக் கிட்டே இருந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

வெள்ளை மேட்டில் வெயில் கண்ணைக் கூச வைத்தது. அவள் செருப்பில்லாத காலோடு பாதி தூரம் ஏறிப்போய், "மாவு மாதிரி கீதுண்ணே" என்று கத்தினாள். குழந்தை ஒரு பிடி அள்ளியது. "வாயில வைக்க வுடாதம்மா, வெஷம்" என்று ஏனோக் ஓடிப்போய்க் கையைத் தட்டிவிட்டான். குழந்தை அவனைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் மாமியார் சொல்கிற சொல்லை எல்லாம் சொன்னாள். கோவிந்தன் வந்ததும் போட வேண்டிய சண்டை ஒன்பது இருக்கிறது என்றாள். பிறகு குழந்தைக்குப் பால் கொடுக்க நிழல் தேடித் திரும்பியவள், தூரத்தில் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அது இன்னாண்ணே? அவ்ளோ ஒசரத்துல ஒரு சக்கரம்?"

"அதுவா... அத அவன் காட்டுவாம்மா" என்றான் ஏனோக்.

இருமினான். முகத்தைத் திருப்பினான். தோள் குலுங்குவதை எங்கே திருப்புவது? காலையிலிருந்து கையிலேயே கிடந்த தலைப்பாகையை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டான்.

தங்கம்மா அவனைப் பார்த்தாள். அந்தத் தலைப்பாகையைப் பார்த்தாள். குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தாள்.

"அண்ணே, என்னை அவரு கிட்ட கூட்டினு போ" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது நாலு மணி. படியில் சிரில் உட்கார்ந்திருந்தான். தங்கம்மா அவனைக் கடந்து உள்ளே போய்விட்டாள். அவள் போனதும் சிரில் எழுந்து வந்து ஏனோக்கின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எங்கய்யா போன நீ? சந்தை வாசல்ல தொண்டை கிழியக் கத்தனேனே! திரும்பிப் பாத்துட்டு குதிரைய அடிச்சியே, மனுஷனா நீ?"

"செத்தவனைப் பத்தி நடு சந்தையில நீ..."

"செத்தவனா? அப்ப யாரு செத்தா? மூணரை மணி வரைக்கும் பேசினு கெடந்தான்யா அவன், இப்பதான் உசுரு போச்சு! ரயிலு வந்துச்சா, ரயிலு வந்துச்சான்னு எங்க உசுர எடுத்தான். முதுகெலும்பு போச்சு, பொழைக்க மாட்டான்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. அதான் ஒன்னைத் தேடி என்னை அனுப்பினாரு. பொண்டாட்டி புள்ளைய ஒரு தடவை கண்ணுல காட்டிடுன்னு."

"சக்கரம்..." என்றான் ஏனோக். "சக்கரம் மெதுவா சுத்துச்சே. நான் என் கண்ணால பாத்தேனே சிரில்."

"புது டாக்டரோட உத்தரவுய்யா. முதுகு முறிஞ்சவனை வேகமா தூக்கினா வழியிலயே போயிடுவான், மெதுவா தூக்குங்கன்னு. போன வாரம்தான் சொன்னாரு. மொதல்ல தூக்கினதே இவனைத்தான்."

ஏனோக் படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு எழுந்து போய் வார்டு வாசலில் நின்றான். கோவிந்தனின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மாணிக்கராஜ் சுவரோரம் நின்றிருந்தான். தங்கம்மா குழந்தையின் கையைப் பிடித்துக் கோவிந்தனின் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இலைப் பொட்டலம் கட்டிலின் ஓரத்தில் இருந்தது.

"இன்னும் சூடா கீறாரேண்ணே" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் சூடா கீறாரே."

பதினாறாம் நாள் முடிந்து ஊருக்குத் திரும்பும்போது ஏனோக்தான் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தான். நடுவில் அத்தனை நாளும் அவள் அவனை ஒரு சொல் சொல்லவில்லை. லைனில் எல்லோரும் சக்கரத்தைத்தான் பழித்தார்கள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், நீ என்ன பண்ணுவ என்று ஏனோக்கைத் தேற்றினார்கள். தேற்றத் தேற்ற அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும். சக்கரத்தப் பாத்து ஏமாந்தது நெசம். வெறும் வயித்துல சொல்லக் கூடாதுன்னு சோறு போட்டதும் நெசம். ஆனா சோறு துன்னப்பறம் ஒன்னைக் கூட்டினு போயிருக்கலாம். சிரில் கூப்பிட்டான், குதிரைய அடிச்சேன். ரெண்டு மணி சங்கு ஊதிச்சு, பொய் சொன்னேன். அதெல்லாம் வழக்கம் இல்ல. பயந்துட்டேன். நான் பயந்ததாலதான் அவன் ஒங்களைப் பாக்காமப் போனான்."

குழந்தை அவள் தாலியில்லாத கழுத்தைத் தடவி எதையோ தேடியது.

"மேட்டு மேல நான் சிரிச்சேன் இல்லண்ணே?"

"சிரிச்சம்மா."

"அந்த நேரம் அவரு உசுரோட கீறாரு."

அவள் விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டு உருண்டை களி துன்னேன். கொழாயத் தொறந்து தொறந்து வெளையாடினேன். அவரு ரயிலு வந்துச்சா, ரயிலு வந்துச்சான்னு கேட்டுனு கெடக்கறாரு. நீ சொன்ன பொய்யி கூட ஆறிடும்ண்ணே. இது எனக்கு ஆற மாட்டேங்குது."

ஒன்னை மன்னிச்சுட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. ரயில் வருகிற சத்தம் கேட்டபோது அவள் எழுந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் திரும்பி நின்றாள்.

"எது அவரு சக்கரம்? காட்டு."

"அத அவன்தான்..."

"அவரு இல்ல. நீ காட்டு."

ஏனோக் கையை நீட்டினான். "தோ, அந்த மூணுல நடுவுல கீறது. இதுலதான் எறங்குவான். இதுலதான் ஏறுவான்."

தங்கம்மா குழந்தையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் காட்டினாள். சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது, பாறை ஏறிக்கொண்டிருந்தது. குழந்தை சக்கரத்தைப் பார்க்கவில்லை, அவன் நீட்டிய விரலைத்தான் பார்த்தது. ரயில் புறப்படும்போது, குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்றா என்று கேட்க நினைத்தான் ஏனோக். கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகும் அவன் பதினைந்து வருஷம் அதே ஸ்டேஷன் வாசலில் வண்டி ஓட்டினான். ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் அவனிடம்தான் கேட்பார்கள். இந்த ஊரில் நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், என்னவெல்லாம் பார்க்கலாம் என்று. பார்வதம்மா கடையையும் சொல்ல மாட்டான், வெள்ளை மேட்டையும் சொல்ல மாட்டான்.

"யாரைப் பாக்க வந்தீங்க?" என்று மட்டும் கேட்பான். பேரைச் சொன்னதும், வழியில் எங்கேயும் நிறுத்தாமல் நேராக அவர்களிடம் கொண்டுபோய் விடுவான்.